சாயக்காரர் பால் எர்லிக்

2015ஆம் ஆண்டு என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானது. அப்போது நான் ஆறாம் படிவ மாணவி. அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்று வாரங்களுக்கு ஒரு முறை அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வேன். தாதி ஒருவர் கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொண்டு வந்து, சிவப்பு நிற மருந்தை அம்மாவின் கை நரம்பில் மெல்ல மெல்லச் செலுத்துவார். சிராப் தண்ணீர் போன்ற சிவப்பு. நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும் என்பதால் அவர் அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார். அன்று மாலை அம்மாவுக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகும். டாக்சோரூபிசின் என்பது அந்த மருந்தின் பெயர்.

இரண்டாவது ஊசிக்கு முன்பே தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அம்மா அழவில்லை. அவர் வீட்டிலேயே துணி தைப்பவர். உதிர்ந்த முடியை நூல் துண்டுகளைக் கூட்டுவதுபோல் கூட்டி எடுத்துக் குப்பையில் போட்டார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நோய் வந்தது மார்பில், அப்படியிருக்க மருந்து எதற்குத் தலைக்குப் போகிறது என்பதுதான் அது. அறிவியல் படிக்கிற பிள்ளைக்குத் தெரியாதா என்ற நம்பிக்கையில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மருந்து கொஞ்சம் கடுமை என்று ஏதோ சொல்லி மழுப்பினேன்.

அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் படிக்கச் சேர்ந்தேன். 2018இல், இறுதியாண்டு ஆய்வுக்காக நானோ துகள்களில் புற்றுநோய் மருந்தை அடைத்து உயிரணுக்களுக்குள் அனுப்புவது பற்றிய தலைப்பு எனக்குக் கிடைத்தது. ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டத் தொடங்கியபோது ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. கட்டுரைகள் பலவற்றின் முதல் பத்தியில் ஒரே பெயர். பால் எர்லிக். 1915இல் மறைந்த ஒரு ஜெர்மானிய மருத்துவர். எலெக்ட்ரான் நுண்ணோக்கி வருவதற்கு முன்பே கண்மூடிவிட்டவருக்கு நானோ துகள் கட்டுரைகளில் என்ன வேலை? ஆய்வை விட்டுவிட்டு அவருடைய வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். (என் மேற்பார்வையாளருக்கு இது இன்றுவரை தெரியாது.)

எர்லிக் 1854ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் சைலீசியாவின் ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. தாய்வழி உறவில் அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். கார்ல் வைகெர்ட் என்ற அந்த அண்ணன், நுண்ணுயிர்களுக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் முறையில் முன்னோடி. அவர் காட்டிய வண்ணங்கள்தாம் தம்பியைப் பிடித்துக்கொண்டன. பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், ஃபிரைபுர்க், லைப்சிக் என்று நான்கு பல்கலைக்கழகங்களில் எர்லிக் மருத்துவம் படித்தார். படித்தார் என்பதைவிட, படிக்க வேண்டியவற்றை ஒதுக்கிவிட்டுத் தமக்குப் பிடித்ததைச் செய்தார் என்பதே பொருந்தும். ஸ்ட்ராஸ்பர்கில் அவருடைய மேசை முழுக்கச் சாயக் கறையாம். பிரெஸ்லாவுக்கு வந்த ராபர்ட் காக் என்ற மருத்துவரிடம், சாயம் ஏற்றுவதில் இந்தப் பையன் கெட்டிக்காரன், ஆனால் தேர்வில் தேறவே மாட்டான் என்று சொல்லி அவரைக் காட்டியதாக ஒரு கதை உண்டு. தேர்வு அட்டவணையைப் பார்த்துக் கலங்கும் நம் தம்பி தங்கையருக்காகவே இதை இங்கே எழுதுகிறேன்.

மாணவப் பருவத்தில் அவர் ஈய நஞ்சு பற்றிய ஓர் ஆய்வைப் படித்தார். ஈயம் உடலுக்குள் போனால் எல்லா உறுப்புகளிலும் ஒரே அளவாகப் பரவுவதில்லை. சில உறுப்புகளில் அதிகமாகத் தங்குகிறது, சிலவற்றில் குறைவாக. இந்தச் செய்தியை எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். எர்லிக்கின் மனத்தில் அது முள்ளாகத் தைத்தது. நஞ்சு தான் தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்றால், அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது? உயிரணுவின் எந்தப் பகுதியை அது பிடித்துக்கொள்கிறது? ஈயத்தைக் கொண்டு இதைப் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் திசுக்குள் இருக்கும் ஈயம் கண்ணுக்குத் தெரியாது. எனவே அவர் சாயங்களிடம் திரும்பினார். சாயம் எங்கே போய் ஒட்டுகிறது என்பதைச் சாயமே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் பகுதியை நான் அம்மாவிடம் விளக்க முயன்றபோது அவர் என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டார். சேலைக்குப் பொருத்தமாக வேண்டும் என்று பழைய பருத்தி உள்பாவாடைகளை அவர் சாயத்தில் முக்கி எடுப்பதுண்டு. துணி முழுக்க நிறம் ஏறும். பாலியெஸ்டர் நூலால் போட்ட தையல் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். ஒரே வாளி, ஒரே சாயம், ஒரே கொதிநீர். பருத்தி பிடித்துக்கொள்கிறது, பாலியெஸ்டர் விட்டுவிடுகிறது. எர்லிக் நுண்ணோக்கியின் கீழ் கண்டதும் இதைத்தான். ஒரு சாயம் இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையின் மணிகளை மட்டும் சிவப்பாக்கியது. இன்னொரு சாயம் வேறொரு வகையை மட்டும் நீலமாக்கியது. இன்று நம் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் இயோசினோஃபில் என்று ஒரு வரி வருகிறதே, அந்தப் பிரிவு அவர் சாயம் ஏற்றிக் கண்டதுதான். 1878இல் அவர் கொடுத்த பட்ட ஆய்வேடும் திசுக்களுக்குச் சாயம் ஏற்றுவது பற்றியதே.

பெர்லினின் ஷாரித்தே மருத்துவமனையில் வேலை கிடைத்தது. 1882 மார்ச் 24 மாலை காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த செய்தியை ராபர்ட் காக் அறிவித்தபோது எர்லிக் அந்த அவையில் இருந்தார். உடனே அந்தக் கிருமிக்கு இன்னும் தெளிவாகச் சாயம் ஏற்றும் வழியைத் தேடினார். சாயம் ஏற்றிய கண்ணாடித் தகடுகளைக் காய்வதற்காக அணைந்திருந்த அடுப்பின் மேல் வைத்துவிட்டுப் போனாராம். விவரம் தெரியாமல் பணிப்பெண் அடுப்பை மூட்டிவிட, காலையில் பார்த்தால் கிருமிகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தனவாம். அடுப்புக் கதை எவ்வளவு உண்மையோ, சாயம் ஏறிய அந்தக் கிருமி அமிலத்தில் கழுவினாலும் நிறத்தை விடாது என்று கண்டவர் எர்லிக் என்பது உண்மை. பின்னர் இருவர் அதைத் திருத்தி அமைத்தார்கள். இந்த நாட்டு மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் சளிப் பரிசோதனைக்கு இன்றும் பயன்படும் முறை அதன் வழிவந்ததுதான். சில ஆண்டுகளில் அதே கிருமியை அவர் தம் சளியிலும் கண்டார். மனைவி ஹெட்விக்குடன் எகிப்துக்குச் சென்று, வறண்ட காற்றில் இருந்து, 1889இல் உடல் தேறித் திரும்பினார்.

1885இல் அவர் வெளியிட்ட நூல் ஒன்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தவறு இருக்கிறது. உயிருள்ள விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தை ஏற்றினார். உறுப்புகள் எல்லாம் நிறம் மாறின. மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்குச் சாயத்தைப் பிடிக்கும் தன்மை குறைவு என்று முடிவு கட்டினார். அவர் மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரில் செலுத்திப் பார்த்தார். மூளை நன்றாக நிறம் ஏறியது. அதாவது மூளை சாயத்தை மறுக்கவில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு இருந்தது. மருந்து ஓர் இடத்துக்குப் போகவில்லை என்றால், அங்கே பிடிமானம் இல்லாமல் இருக்கலாம், அல்லது போகும் வழியே அடைபட்டிருக்கலாம். இரண்டும் வேறு வேறு. நானோ துகள் ஆய்வில் இறங்கும் எவரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு முறையாவது அடிபடுவார்கள். என் முறை பின்னால் வருகிறது.

1891இல் சாயமே மருந்தானது. மெத்திலீன் நீலம் மலேரியாக் கிருமியைப் பிடித்துக்கொள்வதைக் கண்ட எர்லிக், பால் குட்மன் என்ற மருத்துவருடன் சேர்ந்து அதை மலேரியா நோயாளிகள் இருவருக்குக் கொடுத்தார். இருவரும் தேறினார்கள். அதன்பின் பெர்லினில் காக்கின் நிறுவனத்தில் தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்நஞ்சின் வலிமையை அளக்கும் முறையை வகுத்தார். அந்த அளவுமுறையால்தான் நம்பிப் போடக்கூடிய ஊசியாக அது மாறியது. பரிசும் பெயரும் பெரும்பாலும் பெரிங் என்ற நண்பருக்குப் போயின, நட்பும் கசந்தது. அந்தக் கதை நீளமானது, விடுகிறேன்.

ஆனால் எதிர்நஞ்சை அளந்துகொண்டிருந்தபோது பிறந்த ஒரு கருத்தை விட முடியாது. 1897இல் எர்லிக் சொன்ன பக்கச் சங்கிலிக் கோட்பாடு அது. உயிரணுவின் மேல் பல வகையான கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை உணவுப் பொருள்களைப் பிடித்து உள்ளே இழுப்பதற்கானவை. நஞ்சு தற்செயலாக அந்த உணவைப்போல் வடிவம் கொண்டிருந்தால், அந்தக் கை ஏமாந்து நஞ்சையும் பிடித்துக்கொள்கிறது. பூட்டும் சாவியும் போல. இந்தக் கைகளுக்குச் சில ஆண்டுகளில் ஏற்பி என்ற பெயர் வந்தது. கோட்பாட்டின் பல விவரங்களைப் பின்னால் வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். உணவுக்கான கதவு வழியே நஞ்சு நுழைகிறது என்ற அந்த ஒரு கருத்து மட்டும் என் ஆய்வுக்கூட மேசை வரை வந்து சேர்ந்தது.

1899இல் அவருக்காகவே ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 1906இல் அதன் பக்கத்திலேயே இன்னொரு கட்டடம் எழுந்தது. கியோர்க் ஸ்பையர் என்ற வங்கியாளரின் மனைவி, மறைந்த கணவரின் நினைவாகக் கொடுத்த பணத்தில் கட்டியது. வேதிப்பொருளால் நோயைத் தாக்கும் சிகிச்சைக்கு எர்லிக் வைத்த பெயர் கீமோதெரபி. அம்மாவின் சிகிச்சை அட்டையில் நான் பார்த்த அதே சொல். அதுவரை அது மருத்துவமனைச் சொல் என்றே நினைத்திருந்தேன். சுருட்டுப் புகைக்கு நடுவே, பேப்பர் குவியலுக்குள் உட்கார்ந்திருந்த ஒரு மெலிந்த மனிதர் உருவாக்கிய சொல் என்று தெரிந்ததும் அதைப் பார்த்துப் பயப்படுவது சற்றுக் குறைந்தது. நாளுக்கு இருபத்தைந்து சுருட்டு பிடிப்பாராம். உதவியாளர்கள் அன்றன்று செய்ய வேண்டியதை வண்ணப் பென்சிலால் சிறு அட்டைகளில் எழுதி அனுப்புவாராம்.

அவர் தேடியது மந்திரத் தோட்டா. சுட்டால் பகைவனை மட்டும் தேடிப் பிடித்துத் தாக்கி, இடையில் நிற்கும் எவரையும் தொடாமல் போகும் தோட்டா. பெயர் கதைப் புத்தகம்போல இருந்தாலும் அவர் வேலை செய்த விதம் கணக்குப்பிள்ளையின் வேலை. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு அளவுகளைக் கண்டார். நோயைக் குணமாக்கும் அளவு ஒன்று, உடல் தாங்கும் அளவு இன்னொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் மருந்தின் மதிப்பு. கிருமியைக் கொல்லும் பொருள் ஆயிரம் இருக்கும். ஆளையும் சேர்த்துக் கொல்லாமல் இருக்க வேண்டும். அட்டாக்சில் என்ற ஆர்சனிக் மருந்து ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குக் கொடுக்கப்பட்டபோது சிலர் பார்வையையே இழந்தார்கள். எர்லிக்கும் அவருடைய வேதியியலாளர் பெர்ட்ஹைமும் அதன் மூலக்கூறு அமைப்பைச் சரியாகக் கண்டறிந்து, ஒரு மூலையில் ஒன்றை நீக்கி, இன்னொரு மூலையில் ஒன்றைச் சேர்த்து, நூற்றுக்கணக்கான மாற்றுருவங்களைச் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

அவற்றுள் 606 என்ற எண் கொண்ட பொருள் 1907இல் தயாரானது. சோதித்தவர் பயன் இல்லை என்று எழுதிவிட்டார். குப்பி அலமாரிக்குப் போனது. 1909இல் ஜப்பானிலிருந்து சஹாச்சிரோ ஹட்டா என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். முயல்களுக்கு மேகநோயை உண்டாக்கிச் சோதிக்கும் முறை அவருக்குக் கைவந்திருந்தது. பழைய எண்களையெல்லாம் மறுபடி சோதிக்கச் சொன்னார் எர்லிக். ஹட்டா 606ஐப் போட்ட முயல்களின் புண்கள் ஆறின. முதல் சோதனையை நம்பி அந்தக் குப்பியைக் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். 1910 ஏப்ரலில் வீஸ்பாடன் நகரில் முடிவை அறிவித்தார்கள். விற்பனைக்கு வருவதற்கு முன் ஏறத்தாழ 65,000 ஊசி அளவு மருந்தை மருத்துவர்களுக்கு இலவசமாக அனுப்பி, விளைவுகளைக் கேட்டு வாங்கினார் எர்லிக். சால்வர்சான் என்ற பெயரில் அது உலகெங்கும் சென்றது. காற்றுப் பட்டால் கெட்டுவிடும் மஞ்சள் தூள் அது; கரைத்துப் பக்குவமாக நரம்பில் ஏற்ற வேண்டும். நரம்பு தவறினால் சதை அழுகும். சிலர் இறந்தார்கள். மருந்தாலும், மருந்தைச் சரியாகக் கையாளாததாலும். மந்திரத் தோட்டா என்று பெயர் பெற்ற முதல் மருந்தே இப்படித்தான் இருந்தது. 1912இல் எளிதாகக் கரையும் நியோசால்வர்சானைக் கொண்டுவந்தார்; அது குணமாக்கும் வலிமையில் சற்றுக் குறைவு.

புற்றுநோய்க்கும் அவர் முயன்றார் என்பது பலருக்குத் தெரியாது. அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஃபிராங்க்ஃபர்டில் அதற்கென்று பணம் ஒதுக்கப்பட்டது. ஓர் எலியின் கட்டியை இன்னோர் எலிக்கு ஒட்டி வளர்த்து ஆண்டுக்கணக்கில் பார்த்தார். நம் உடலில் பிறழ்ந்த உயிரணுக்கள் அடிக்கடி தோன்றுகின்றன, உடலே அவற்றை அடக்கி வைக்கிறது என்ற கருத்தை 1909இல் சொன்னார். அது இன்று பெரிய துறையாக வளர்ந்திருக்கிறது. ஆனால் மருந்து? கிடைக்கவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினம் அல்ல. கிருமி அந்நியன், சாயத்துக்கு அது பருத்தி, நாம் பாலியெஸ்டர். புற்றுநோய் உயிரணுவோ நம் வீட்டுத் துணி. பிடிமானத்தில் வேறுபாடு மிகக் குறைவு. அம்மாவின் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. டாக்சோரூபிசின் வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குகிறது. கட்டியின் உயிரணுவும் வேகமாகப் பெருகுகிறது, முடியின் வேரும் வேகமாகப் பெருகுகிறது. மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது.

அங்கேதான் நானோ துகள் வருகிறது. மருந்துக்கு அடையாளம் தெரியாவிட்டால், அதை ஒரு பெட்டியில் பூட்டி, பெட்டிக்கு வழி சொல்லி அனுப்பலாம் என்பது எண்ணம். 1960களில் இங்கிலாந்தின் அலெக் பாங்ஹாம், கொழுப்புப் பொருள் நீரில் தானாகவே சிறு குமிழிகளாகச் சுருண்டுகொள்வதைக் கண்டார். லிப்போசோம் என்ற அந்தக் குமிழிக்குள் டாக்சோரூபிசினை அடைத்த மருந்துக்கு 1995இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு குமிழியும் ஏறக்குறைய 100 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே எண்ணூறு, ஆயிரம் குமிழிகளை வரிசையாக நிறுத்தலாம். நல்ல இரத்தக் குழாயின் சுவரில் இந்தக் குமிழி எளிதில் புகாது. கட்டிக்குள் அவசர அவசரமாக முளைத்த குழாய்களில் ஓட்டை அதிகம் என்பதால் அங்கே கசிந்து தங்கும். ஜப்பானில் மட்சுமுராவும் மயேடாவும் 1986இல் இதை விளக்கினார்கள். கசிந்த குமிழியை உயிரணு தன் தோலை உட்குழித்து ஒரு பையாக்கி விழுங்கும். கோவிட் காலத்தில் நம்மில் பலர் போட்டுக்கொண்ட எம்ஆர்என்ஏ தடுப்பூசியும் கொழுப்பு நானோ துகளில் வந்ததுதான்.

கசிவை மட்டும் நம்பாமல், துகளின் மேல் ஒரு சாவியையும் ஒட்டலாம். புற்றுநோய் உயிரணுக்களில் சில வகைகள் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைப் பிடிக்கும் கைகளை மிக அதிகமாக வைத்திருக்கின்றன. துகளின் மேல் ஃபோலிக் அமிலத்தை ஒட்டினால், உணவு என்று நம்பி உயிரணு அதை இழுத்துக்கொள்ளும். எர்லிக் 1897இல் சொன்ன அதே ஏமாற்று. இதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. ஃபோலிக் அமிலம் ஒட்டிய துகள் ஒரு தொகுதி, ஒட்டாத துகள் ஒரு தொகுதி, இரண்டிலும் டாக்சோரூபிசின். ஹீலா உயிரணுக்களில் ஊற்றி, ஒளிரும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். டாக்சோரூபிசின் தானே சிவப்பாக ஒளிரும். வேறு சாயம் தேவையில்லை.

முதல் நாள் கண்வில்லையில் கண்ணை வைத்தபோது என் கை நடுங்கியது. அம்மாவின் கை நரம்பில் போன சிவப்பு உயிரணுவின் நடுவே எரிந்துகொண்டிருந்தது. வெற்றி என்றே நினைத்தேன். அன்று இரவே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து அம்மாவிடம் சொல்லியும்விட்டேன். மறுநாள் ஃபோலிக் அமிலம் இல்லாத தொகுதியைப் பார்த்தேன். அதுவும் அதே சிவப்பு. மூன்று முறை செய்தேன். இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதவு திறக்கிறது என்றால், சாவிக்கு என்ன வேலை? ஆய்வேட்டில் பயன் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண் கிடைக்கவில்லை. அதைவிட, அம்மாவிடம் சொன்னதைத் திரும்பப் பெறுவதுதான் வருத்தமாக இருந்தது.

ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் ஒரு விரிவுரையாளர் உயிரணுக்களை எந்த ஊடகத்தில் வளர்த்தாய் என்று கேட்டார். எல்லாரும் பயன்படுத்தும் சாதாரண ஊடகத்தில் என்றேன். அதில் ஃபோலிக் அமிலம் தாராளமாகக் கலந்திருக்குமே என்றார். அப்போதுதான் உறைத்தது. உயிரணுவின் கைகளெல்லாம் ஏற்கெனவே ஊடகத்திலிருந்த வைட்டமினால் நிறைந்திருந்தன. என் துகளைப் பிடிக்கக் கை காலியாக இல்லை. போதாக்குறைக்கு, துகளிலிருந்து கசிந்த மருந்தும் தானாகவே உள்ளே போயிருக்கிறது. வெளுத்த மூளையைப் பார்த்து எர்லிக் எடுத்த முடிவும் என் முடிவும் ஒரே இனம். 2019இல் அடுத்த அணி மாணவரான ஒரு தம்பி, ஃபோலிக் அமிலம் இல்லாத ஊடகத்தில், கசிவைக் கழுவி நீக்கிவிட்டு, அதே துகள்களைச் சோதித்தார். வேறுபாடு தெரிந்தது. பெரிதாக இல்லை, ஆனால் இருந்தது. அந்தப் படங்களை எனக்கு அனுப்பியிருந்தார். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

தட்டில் நடப்பது உடலில் நடந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016இல் டொரொன்டோ ஆய்வாளர்கள் பத்தாண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விலங்குகளில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது, இடைநிலையாக, நூற்றுக்கு 0.7 மட்டுமே. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. லிப்போசோம் டாக்சோரூபிசினைப் பழைய டாக்சோரூபிசினோடு ஒப்பிட்ட 2004ஆம் ஆண்டு ஆய்வில், முற்றிய மார்பகப் புற்றை அடக்குவதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இதயப் பாதிப்பு குறைந்தது, முடி கொட்டுவது வெகுவாகக் குறைந்தது. எர்லிக்கின் கணக்குப் புத்தகத்தில் எழுதினால், குணமாக்கும் அளவு நகரவில்லை, உடல் தாங்கும் அளவு நகர்ந்திருக்கிறது. ஆனால் அந்தக் குமிழிகள் வேறோர் இடத்தில் வேலையைக் காட்டுகின்றன. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தோல் உரிந்து, புண்ணாகும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் தம் கைகளைப் பார்த்தார். முடி போனால் முளைத்துவிடும், கை புண்ணானால் ஊசி பிடிப்பது எப்படி என்றார். அந்த ஆறு மாதமும் அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தீபாவளித் துணி தைத்தவர். புது மருந்து கிடைத்திருந்தால் என் முகத்துக்காக அதை வாங்கிக்கொண்டிருப்பாராம். தமக்காக என்றால் பழையதே போதுமாம். நானோ துகளின் நன்மைகளை நான் எழுதும் ஒவ்வொரு முறையும் இந்தப் பேச்சு நினைவுக்கு வருகிறது. நோயாளி தாங்குவது என்பது ஆளுக்கு ஆள் வேறு.

பிறகு அந்தச் சாயக்காரர் என்ன ஆனார் என்று அம்மா கேட்டார். சொன்னேன். 1908இல் நோபல் பரிசு, மெச்னிகோவுடன் சேர்ந்து. சால்வர்சானுக்குப் பின் புகழோடு வசையும் வந்தது. மருந்தை விலைமாதர் மேல் கட்டாயப்படுத்திச் சோதித்தார்கள் என்று ஒரு பத்திரிகையாளர் எழுத, 1914இல் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் வரை வழக்குப் போய், எழுதியவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. எர்லிக் சாட்சி சொல்லிவிட்டு வந்தார், ஆனால் உடல் உடைந்துவிட்டது. அதே ஆண்டு போர் மூண்டபோது, ஜெர்மனியின் செயலை நியாயப்படுத்திய 93 அறிஞர்களின் அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டிருந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. 1915 ஆகஸ்டு 20ஆம் நாள், ஓய்வுக்காகச் சென்றிருந்த பாட் ஹோம்புர்க் என்ற ஊரில், 61 வயதில் இறந்தார்.

மனைவி என்ன ஆனார் என்று அடுத்துக் கேட்டார் அம்மா. அவருக்கு எப்போதும் அதுதான் முக்கியம். நாஜிகள் வந்ததும் யூதர் என்பதால் எர்லிக்கின் பெயரை அழிக்கத் தொடங்கினார்கள். ஃபிராங்க்ஃபர்டில் அவர் பெயரில் இருந்த தெருவுக்கு 1938இல் வேறு பெயர் வைத்தார்கள். இளைய மகள் மரியானின் கணவர் எட்மண்ட் லண்டாவ் பெரிய கணித அறிஞர். 1933இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அவரை வகுப்பெடுக்க விடாமல் மாணவர்களே வழிமறித்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஹெட்விக் நாட்டை விட்டு வெளியேறி, 1948இல் அமெரிக்காவில் காலமானார். போருக்குப் பின் தெருவுக்குப் பழைய பெயர் திரும்பியது. யூரோ வருவதற்கு முன் புழங்கிய 200 மார்க் நோட்டில் எர்லிக்கின் முகம்கூட அச்சானது.

அம்மா தையல் இயந்திரத்தின் மேல் கைகளை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முடி திரும்ப முளைத்தபோது முன்பில்லாத சுருளோடு வந்தது. ஆண்டுதோறும் இதயப் பரிசோதனைக்கு நான்தான் அழைத்துச் செல்கிறேன்.